யாழ்ப்பாணத்தில் முதல் ஏ.சி.: நட்சத்திர முத்திரையை எப்படி வாசிப்பது, காசு எங்கே வீணாகிறது

பங்குனி கடைசியில் யாழ்ப்பாண நகரத்துக் கடைகளில் ஏ.சி. பெட்டிகள் வாசலுக்கு வரத் தொடங்கும். எந்தக் கடைக்குள் ஏறினாலும் கேட்கிற வசனம் ஒன்றுதான்: “இது ஃபைவ் ஸ்டார் அண்ணை, கரண்ட் கனக்க இழுக்காது.” அந்த ஸ்டாரைப் போட்டது எந்த நாடு, எந்த வருசத்து அளவுகோலால் போட்டது, உங்கள் அறையில் அது உண்மையாகுமா என்ற மூன்று கேள்விக்கும் கடைக்காரரிடம் பெரும்பாலும் விடை இராது. இந்தக் கட்டுரை அந்த மூன்றுக்கும் விடை தேடும் வழி. வாங்கும் ஒழுங்கிலேயே எழுதியிருக்கிறோம். கடைக்குப் போவது நாலாவது படியில்தான் வருகிறது.

1. முதலில் கரண்ட் பில்

கடந்த மூன்று மாத பில்லை எடுத்து, மாதம் எத்தனை யூனிற் போகிறது என்று பாருங்கள். வீட்டுக் கட்டணம் படிப்படியானது. மாதம் 60 யூனிற்றுக்குள் நிற்கிற வீட்டுக்கு ஒரு கணக்கு, 60-ஐத் தாண்டிய வீட்டுக்கு வேறு கணக்கு. தாண்டிய வீட்டுக்கு 0–60, 61–90, 91–120, 121–180, 180-க்கு மேல் என்று ஐந்து படிகள். மேல் படிகளில் யூனிற்றின் விலை கூட. போதாக்குறைக்கு, மாத நிலையான கட்டணமும் நீங்கள் நிற்கிற படியோடு சேர்ந்து ஏறும்.

இதில் புதிதாக வாங்குகிறவர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு. ஏ.சி. இழுக்கிற யூனிற் எல்லாம் பில்லின் மேல்நுனியில்தான் போய் ஏறும். லைற்றுக்கும் ஃபிரிட்ஜுக்கும் கீழ்ப்படி விலை போய்விட்டது, ஏ.சி.க்கு மிஞ்சியிருப்பது மேற்படி விலை. ஆகவே “மொத்த பில்லை மொத்த யூனிற்றால் வகுத்தால் வருகிற சராசரி” என்று கணக்குப் பார்த்தால் பிழைக்கும். ஏ.சி.யின் ஒவ்வொரு யூனிற்றையும் நீங்கள் போய் நிற்கப்போகும் படியின் விலையால் பெருக்குங்கள். ரூபாய் விலை அடிக்கடி மாறுவதால் இங்கே யூனிற்றிலேயே கணக்குப் பார்க்கிறோம். விலையை உங்கள் கடைசி பில்லின்படி போட்டுக்கொள்ளுங்கள்.

2. அறை

ஏ.சி.யின் வினைத்திறனைக் கெடுக்கிற முதல் காரணம் அறைதான். இதில் செலவிடுகிற காசு ஸ்டாருக்குச் செலவிடுகிற காசைவிடக் கூடப் பலன் தரும். அதனால் இந்தப் படியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஓட்டு வீடு என்றால் அண்ணாந்து பாருங்கள். பழைய வீடுகளில் அறைச்சுவர் வளை மட்டத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே பக்கத்து அறையும் விறாந்தையும் ஒரே வெளி. கதவுக்கு மேலே காற்றோட்டத்துக்கு வைத்த பூக்கல் துவாரங்கள் வேறு. இந்த வீடுகளைக் கட்டியவர்கள் காற்று ஓடவேண்டும் என்றுதான் கட்டினார்கள். அதே அறையில் ஏ.சி. பூட்டினால் குளிர்காற்று வெளியே போகும், ஓட்டுக்குக் கீழே தேங்கிய சூடான காற்று உள்ளே வரும், கொம்பிரசர் விடியவிடிய முழு வேகத்தில் ஓடும். சீலிங் அடிக்காத ஓட்டு அறைக்கு ஏ.சி. வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். முதலில் ஜிப்சம் அல்லது பி.வி.சி. சீலிங், அதற்கு மேலே 50 மில்லிமீற்றர் வெப்பத்தடுப்புப் பஞ்சு, பிறகு துவாரங்களை அடைப்பது, அதற்குப் பிறகு ஏ.சி.

கொங்கிறீற் பிளாட், அதாவது தட்டைக் கூரை, போட்ட வீட்டின் கதை வேறு. பகல் முழுக்க வெயில் குடித்த பிளாட், இரவு பதினொரு மணி வரை அந்தச் சூட்டை அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும். கையை நீட்டிச் சீலிங்கைத் தொட்டாலே தெரியும். மேல்தளத்துக்கு வெள்ளை வெப்பத்தடுப்புப் பெயின்ற் இரண்டு பூச்சு அடிக்கலாம். அதுவும் முடியாதென்றால், பிளாட்டுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் சட்டம் கட்டிக் கிடுகு பரப்பலாம். பார்க்க வடிவாக இராது. ஆனால் வெயில் பிளாட்டில் விழாது. வேலை செய்கிற வழி.

யன்னலுக்கும் கதவுக்கும் செய்ய வேண்டியது சின்ன வேலை. கதவின் கீழ் இடைவெளிக்கு ரப்பர் பட்டி, மரயன்னல் இடுக்குகளுக்கு ஸ்பொஞ்ச் நாடா. மேற்குப் பக்க யன்னலுக்குத் தடித்த திரை. அறையை மூடி, லைற்றை அணைத்துப் பகலில் உள்ளே நில்லுங்கள். வெளிச்சம் வருகிற இடமெல்லாம் காற்றும் போகிற இடம்.

3. எத்தனை பி.ரி.யு.?

பி.ரி.யு. என்பது சூட்டை அளக்கிற அலகு. ஏ.சி.யில் 12,000 பி.ரி.யு. என்றால் ஒரு மணித்தியாலத்தில் அவ்வளவு சூட்டை, அதாவது 3.5 கிலோவாற் வீதத்தில், அறையிலிருந்து வெளியே எடுக்கும் திறன். அதையே ஒரு தொன் என்றும் சொல்வார்கள்; இயந்திரத்தின் எடைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அறை 10-க்கு 12 அடி, சீலிங் அடித்தது அல்லது மேலே இன்னொரு மாடி உள்ளது என்றால் 9,000 காணும். 12-க்கு 14 அடி என்றால் 12,000. வெயில் படுகிற பிளாட் நேரே மேலே இருந்தால் ஐந்திலொன்று கூட்டுங்கள். 16-க்கு 16 ஹோல் என்றால் 18,000.

“எதற்கும் பெரிதாக வாங்கிவிடுவம்” என்பது வழமையான பிழை. பெரிய ஏ.சி. அறையைப் பத்து நிமிடத்தில் குளிராக்கிவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரப்பதத்தை எடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. கார்த்திகை மழை நாளில் அறை குளிரும், ஆனால் போர்வை பிசுபிசுக்கும். சிறிதாக வாங்கினால் வேறு பிரச்சினை: சித்திரையில் அது நிற்கவே நிற்காது, இன்வேட்டர் (தேவைக்கேற்பக் கொம்பிரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஏ.சி.) வாங்கியதன் பயனும் போய்விடும்.

4. முத்திரையை வாசிப்பது

இலங்கையில் வலுச் சிக்கன முத்திரைக்குப் பொறுப்பான அமைப்பு, 2007-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை. அதன் முத்திரையில் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம், ஐந்து சிறந்தது. மின்குமிழிலும் சீலிங் ஃபானிலும் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். கடையில் காட்டப்படும் ஏ.சி.யில் இந்த முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதிலுள்ள மொடல் இலக்கமும், ஏ.சி.யின் பக்கத்தில் ஒட்டிய தகட்டிலுள்ள மொடல் இலக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று ஒத்துப் பாருங்கள். கடைசி இரண்டு எழுத்து மாறினால் அது வேறு இயந்திரம்.

பல பெட்டிகளில் ஒட்டியிருப்பது பிறநாட்டு முத்திரை. அதில்தான் குழப்பம்.

இந்திய முத்திரை: அங்கேயும் ஐந்து நட்சத்திரம் சிறந்தது. ஆனால் அளவுகோலை சில வருசங்களுக்கு ஒருமுறை இறுக்குவார்கள். 2022 யூலையில் இறுக்கியபோது அதுவரை ஐந்து நட்சத்திரமாயிருந்தது நாலாக இறங்கியது. ஆகவே நட்சத்திரத்துக்குக் கீழே அச்சிட்ட காலப்பகுதியைப் பாருங்கள். பழைய இருப்பில் கிடந்த ஐந்து, புதிய நாலுக்குச் சமனாக இருக்கலாம்.

சீன முத்திரை: இது தலைகீழ். அங்கே 1 என்பதுதான் மிகச் சிறந்தது, 5 கடைசி. “கிறேட் 5” என்று யாராவது பெருமையாகக் காட்டினால் சிரித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போங்கள்.

தாய்லாந்து முத்திரையில் இலக்கம் 5 நல்லது. சிங்கப்பூரில் நட்சத்திரத்துக்குப் பதிலாகச் சரி அடையாளம். ஐந்து சரி சிறந்தது. அமெரிக்கா, கனடாவிலிருந்து உறவினர் அனுப்புகிற விபரத்தில் 16, 20 என்று பெரிய எண்கள் வரும். அது அங்கத்தைய அலகு, ஒரு வாற்-மணிக்கு எத்தனை பி.ரி.யு. என்று சொல்வது. 3.412-ஆல் வகுத்தால் எங்கள் அலகுக்குக் கிட்ட வரும்: 20 என்றால் ஏறக்குறைய 5.9. சோதிக்கும் முறையிலும் வித்தியாசம் உண்டு, ஆகவே கிட்டத்தட்டத்தான்.

கனடாப் பிள்ளைகளோடு கதைக்கும்போது வருகிற இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அங்கே 2019 யூலைக்குப் பின் தயாரிக்கிற வீட்டு எரிவாயு ஃபர்னஸ் (குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குகிற இயந்திரம்) 95 சதவீத வினைத்திறனுக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். “எங்கட ஃபர்னஸே 95 வீதம்தான், உங்கட ஏ.சி. எப்பிடி 500 வீதம்?” என்று கேட்பார்கள். ஃபர்னஸ் எரிவாயுவை எரித்துச் சூட்டை உண்டாக்குகிறது. எரித்ததில் உள்ளதைவிடக் கூடச் சூடு வராது. ஏ.சி. எதையும் உண்டாக்குவதில்லை, அறைக்குள் இருக்கிற சூட்டை வெளியே சுமந்துபோய்க் கொட்டுகிறது. ஒரு யூனிற் கரண்டுக்கு ஐந்து யூனிற் சூட்டைச் சுமக்கலாம்.

அந்தச் சுமக்கும் கணக்குத்தான் நட்சத்திரத்துக்குப் பின்னால் இருக்கிற எண். இரண்டு எண்கள் உண்டு, இரண்டையும் கேட்டு எழுதுங்கள். ஒன்று ஈ.ஈ.ஆர்.: வெளியே 35 பாகை, உள்ளே 27 பாகை என்று வைத்து, முழு வேகத்தில் ஓடவிட்டு, எடுத்த சூட்டை இழுத்த கரண்டால் வகுப்பது. சாதாரண, அதாவது இன்வேட்டர் இல்லாத, இயந்திரத்தில் இது 2.8 முதல் 3.3 வரை வரும். மற்றது சி.எஸ்.பி.எஃப்., இந்தியப் பெட்டியில் ஐ.எஸ்.ஈ.ஈ.ஆர்.: ஒரு பருவம் முழுக்க, வெளிச்சூடு ஏறி இறங்க, இயந்திரமும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க, மொத்தத்தில் வருகிற சராசரி. நல்ல இன்வேட்டரில் இது 5 அல்லது அதற்கு மேல்.

கடைக்காரர் சொல்வது எப்போதும் இரண்டாவது எண். அது பொய்யில்லை. ஆனால் இயந்திரம் அரை வேகத்தில் ஓட இடம் கிடைத்தால்தான் அது வரும். ஓட்டு இடுக்கால் காற்றுப் போகிற அறையில் இன்வேட்டரும் முழு வேகத்தில்தான் ஓடும். அப்போது உங்களுக்குக் கிடைப்பது ஈ.ஈ.ஆர்., அதாவது 3 சொச்சம். ஐந்து நட்சத்திரத்துக்குக் காசு கொடுத்து இரண்டு நட்சத்திரத்தைப் பாவிக்கிறீர்கள்.

5. வாங்கலாமா என்ற கணக்கு

ஏற்கெனவே மாதம் 100 யூனிற் போகிற வீடு. வெயில் படுகிற பிளாட்டின் கீழ் 12,000 பி.ரி.யு. அறை, இரவு 8 மணித்தியாலம். சராசரியாக அறுபது வீதத் திறனில் ஓடுகிறது என்று வையுங்கள்: 3.5-ல் 60 வீதம் 2.1 கிலோவாற், எட்டு மணித்தியாலத்தில் 16.8 கிலோவாற்-மணி, அதாவது 16.8 யூனிற், சூடு வெளியேற வேண்டும். ஈ.ஈ.ஆர். 2.9 உள்ள சாதாரண ஏ.சி. அதற்கு 5.8 யூனிற் கரண்ட் இழுக்கும், மாதம் 174. சி.எஸ்.பி.எஃப். 5 உள்ள இன்வேட்டர் 3.4 யூனிற், மாதம் 101. மாதத்துக்கு 73 யூனிற் மிச்சம், அதுவும் மேற்படி விலையில். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை இந்த மிச்சத்தின் ரூபாய்ப் பெறுமதியால் வகுத்தால் எத்தனை மாதத்தில் காசு திரும்பும் என்று தெரியும். ஆனால் 100-உம் 101-உம் 201. எந்த இயந்திரம் வாங்கினாலும் 180-ஐத் தாண்டித்தான் நிற்கிறீர்கள்.

அதே வீட்டில் அறையைத் திருத்தி, சீலிங் அடித்து, 9,000 பி.ரி.யு. பூட்டி, ஆறு மணித்தியாலம் ஓடவிட்டால்? சராசரி 1.3 கிலோவாற், ஆறு மணித்தியாலத்தில் 7.8 யூனிற் சூடு. இன்வேட்டர் மாதம் 47 யூனிற். மொத்தம் 147, 180-க்குள் நிற்கிறது. சாதாரண ஏ.சி. 81 யூனிற், மொத்தம் 181, ஒரே ஒரு யூனிற்றால் படி தாண்டுகிறது. திருத்தாத அறையில் இன்வேட்டர் இழுக்கிற 101-ஐயும், திருத்திய அறையில் சாதாரணம் இழுக்கிற 81-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வருசத்தில் சித்திரை, வைகாசி இரண்டு மாதம் மட்டும், அதுவும் இரவு இரண்டு மணித்தியாலம் போடுகிறவருக்கு விலை கூடிய ஐந்து நட்சத்திரம் தேவையில்லை. மூன்று நட்சத்திரம் காணும். அப்படிப்பட்டவர்கள் முதலில் ஒரு பி.எல்.டி.சி. (கரண்ட் குறைய இழுக்கிற புதுவகை மோட்டர்) சீலிங் ஃபான் மாற்றிப் பார்க்கலாம்: பழைய ஃபான் 70, 75 வாற் இழுக்கும், இது 30 வாற் சொச்சம்.

6. எந்தக் காஸ்?

காஸ் என்பது ஏ.சி. குழாய்க்குள் சுற்றிச் சூட்டைச் சுமக்கிற வாயு. இப்போது புதிதாக வாங்குவதென்றால் ஆர்-32 கேளுங்கள். காபனீரொட்சைட்டை 1 என்று வைத்தால், புவி வெப்பமாக்கும் அளவு ஆர்-410ஏ-க்கு 2088, ஆர்-32-க்கு 675. உலக உடன்பாடுகள் ஆர்-410ஏ போன்றவற்றைக் குறைத்துக்கொண்டு போகின்றன, ஆகவே வரும் வருசங்களில் அதன் காஸ் விலை ஏறத்தான் செய்யும். ஆர்-22 இயந்திரத்தைச் சும்மா தந்தாலும் வேண்டாம். மொன்றியல் உடன்பாட்டின்படி எங்களைப் போன்ற நாடுகள் 2030-உடன் அதைக் கைவிட வேண்டும்.

பாவித்த ஏ.சி.க்கு ஒரு எச்சரிக்கை. யப்பானில் இருந்து கழற்றி வந்தவற்றில் சிறியவை பல 100 வோல்ற்றுக்குச் செய்தவை. எங்கள் 230 வோல்ற்றில் நேரே கொடுத்தால் அந்த நிமிடமே மின்பலகை எரியும். பக்கத் தகட்டில் வோல்ற் எண்ணைப் பாராமல் காசைக் கொடுக்காதீர்கள்.

7. வயரும் வோல்ற்றேச்சும்

பின்னேரம் ஏழு மணிக்கு, வீட்டில் லைற், ஃபான், ஃபிரிட்ஜ் எல்லாம் ஓட, கேத்தலையும் போட்டுவிட்டு, ஏ.சி. வரப்போகிற அறைப் பிளக்கில் வோல்ற்றேச் அளவுங்கள். 215-க்கு மேல் என்றால் நல்லது. 200-க்குக் கீழே போனால் ஒழுங்கையின் கடைசி வீடாக இருப்பீர்கள், அல்லது கம்பத்திலிருந்து வருகிற வயரின் பூட்டு எங்கேயோ தளர்ந்திருக்கும். வாங்குவதற்கு முன்பே மின்சார சபைக்கு 1987 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவித்துப் பதிவு இலக்கம் எடுங்கள். வோல்ற்றேச் குறைந்தால் கொம்பிரசர் கூட அம்பியர் இழுத்துச் சூடாகும். நட்சத்திரக் கணக்கும் பிழைக்கும், ஆயுளும் குறையும்.

9,000, 12,000-க்குத் தனி வயர் 2.5 சதுர மில்லிமீற்றர், தனி 20 அம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவுமீறினால் தானாக விழுகிற சுவிட்ச்); 18,000-க்கும் தூரம் கூடிய இடத்துக்கும் 4 சதுர மில்லிமீற்றர். 13 அம்பியர் பிளக்கில் சொருகுகிற வேலை வேண்டாம், நேரே ஐசொலேற்றரில் (ஏ.சி.க்கென்று சுவரில் வைக்கிற தனிச் சுவிட்ச்) பூட்டுங்கள். எர்த் வயர் உண்மையில் நிலத்தோடு தொடுக்கப்பட்டிருக்கிறதா, ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். மாரித் தொடக்கத்தில் இடிமின்னல் கூட. இடி கேட்டால் எம்.சி.பி.யை இறக்கிவிடுவது நல்ல பழக்கம்.

சொல்லால் வருகிற ஒரு மயக்கம்: இங்கே “இன்வேட்டர்” என்றால் கரண்ட் போகும்போது பற்றரியில் ஓடுகிற பெட்டியையும் சொல்வோம். இன்வேட்டர் ஏ.சி. என்பதற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பற்றரிப் பெட்டியில் ஏ.சி. ஓடும் என்று நம்பி வாங்கினால் ஏமாந்துதான் போவீர்கள்.

8. பூட்டுகிற நாள்

கடைக்குப் பின் எல்லாம் பூட்டுகிறவர் கையில். என்.வி.கியூ. (தேசிய தொழிற் தகைமை) சான்றிதழ் உள்ளவரா, அந்தக் கொம்பனியின் திருத்துநர் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறாரா, கொழும்பிலிருந்து வரவேண்டுமா என்று பில் எழுதுவதற்கு முன் கேளுங்கள். உத்தரவாதம் பத்து வருசம் என்பது வழமையாகக் கொம்பிரசருக்கு மட்டும். எரிவது பெரும்பாலும் மின்பலகை, அதற்கு எத்தனை வருசம் என்பதே கேள்வி.

வெளிப்பெட்டி எங்கே? குடாநாட்டில் கடலுக்குத் தூரமான இடம் என்று ஒன்று இல்லை. குருநகர், பாசையூர், பருத்தித்துறை, காரைநகர்ப் பக்கம் என்றால் உப்புக்காற்றில் அலுமினியத் தகடுகள் வெள்ளைத் தூளாக உதிரத் தொடங்கும். நீலம் அல்லது பொன் நிறப் பூச்சுள்ள தகடுகள் கேளுங்கள், தாங்கியையும் ஆணியையும் துருப்பிடிக்காத உருக்கில் போடச் சொல்லுங்கள். வெளிப்பெட்டியின் முகம் சோளகக் காற்றுக்கு நேரே இருக்கக்கூடாது. வைகாசி தொடங்கி வீசுகிற அந்தக் காற்று, வெளியே தள்ளவேண்டிய சூட்டைத் திருப்பி உள்ளே அமத்தும். மேற்கு வெயில் படுகிற சுவரும் வேண்டாம், விறகடுப்புப் புகைக்கு மேலேயும் வேண்டாம். பின்னால் 15 தொடக்கம் 30 சென்ரிமீற்றர், முன்னால் குறைந்தது இரண்டடி வெளி. பனையோலை வேலிக்கு முகம் பார்க்க வைத்த பெட்டிகளை வலிகாமத்தில் நிறையக் காணலாம்: சூட்டுக்காற்று வேலியில் பட்டுத் திரும்பிப் பெட்டிக்குள்ளேயே போகும், வேலியிலிருந்து உதிர்கிற தும்பு தகடுகளை அடைக்கும்.

இனி, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய நாலு விடயம்.

செப்புக் குழாய் இரண்டுக்கும் தனித்தனியே ஸ்பொஞ்ச் உறை. ஒன்றுக்கு மட்டும் போட்டு, இரண்டையும் சேர்த்து நாடா சுற்றுவது குறுக்குவழி. குழாயின் நீளம் 3 மீற்றருக்குக் குறையாமல். கூடினால் பெட்டியோடு வந்த காஸ் எத்தனை மீற்றருக்குப் போதும் என்று கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் 5 முதல் 7.5 மீற்றர். அதற்கு மேல் ஒவ்வொரு மீற்றருக்கும் தராசில் நிறுத்துக் காஸ் சேர்க்க வேண்டும். அழுத்தம் காட்டுகிற கேஜை மட்டும் பார்த்து “காணும்” என்று சொல்வது ஆர்-32-க்குச் சரிவராது.

குழாயின் நுனியை ஃபிளேயர் பண்ணும்போது (வாயை விரிக்கும்போது) உள்விளிம்பில் பிசிறு இருக்கக்கூடாது. நட்டை டோர்க் ஸ்பனரால் (இறுக்கும் விசையை அளந்து காட்டுகிற ஸ்பனர்) இறுக்க வேண்டும். பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் செம்பு மெல்லியதாகி மூன்றாம் மாதம் வெடிக்கும். “காஸ் இறங்கிப் போச்சு, வருசா வருசம் அடிக்க வேணும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூடிய குழாயில் காஸ் தானாகக் குறையாது; எங்கேயோ கசிகிறது. கசிவை அடைக்காமல் காஸ் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வார்க்கிற வேலை.

வக்கியூம் பம். இதுதான் முக்கியம், இதைத்தான் தட்டிக்கழிப்பார்கள். குழாய்க்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் பம் வைத்து 20, 30 நிமிடம் இழுத்து, 500 மைக்ரோனுக்குக் (வக்கியூமை அளக்கிற அலகு) கீழே கொண்டுவந்து, பம்மை நிறுத்திப் பத்து நிமிடம் பார்த்து, முள் ஏறாவிட்டால்தான் காஸைத் திறக்க வேண்டும். அவசரக்காரர் காஸைக் கொஞ்சம் திறந்து, மறுமுனையால் “புஸ்” என்று காற்றைத் தள்ளிவிட்டு நட்டை இறுக்குவார். இரண்டு நிமிட வேலை. மிஞ்சிய ஈரம் கொம்பிரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும், மிஞ்சிய காற்று அழுத்தத்தைக் கூட்டும், அன்றிலிருந்தே கரண்ட் கூடப் போகும். ஆர்-32 மெல்லத் தீப்பற்றக் கூடியது என்பதால் இந்தக் குறுக்குவழி ஆபத்தும்கூட. பம் கொண்டுவராமல் வந்தவரைத் தேத்தண்ணீர் கொடுத்து, பம்மை எடுத்துக்கொண்டு வரும்படி திருப்பி அனுப்புங்கள்.

கடைசியாக, தண்ணீர்க் குழாய் ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு சென்ரிமீற்றராவது சரிய வேண்டும், நடுவில் தொய்யக்கூடாது. ஒரு லீற்றர் தண்ணீரை உள்பெட்டித் தட்டில் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் குழாயால் வருகிற தண்ணீரைப் பூக்கன்றுக்கு விடலாம். “காய்ச்சி வடித்த தண்ணீர்தானே” என்று பற்றரிக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தூசும் உலோகமும் கலந்த தண்ணீர் அது, பற்றரி கெட்டுவிடும்.

பில், உத்தரவாத அட்டை, முத்திரையின் படம், தொடரிலக்கம் நாலையும் கைபேசியில் எடுத்து வையுங்கள். முத்திரையில் ஒன்று, உள்ளே வேறொன்று என்று பின்னர் தெரியவந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். அப்போது கேட்பது இவற்றைத்தான்.

9. பாவிக்கும்போது

26 பாகையில் வைத்து, ஃபானை மெதுவாகச் சுழலவிடுங்கள். 18-இல் வைத்தால் அறை கெதியாகக் குளிரும் என்பது பிழை. அதே வேகத்தில்தான் குளிரும், நிற்கிற இடம்தான் வேறு. ஒரு பாகை குறைத்தால் ஏறத்தாழ 6 வீதம் கரண்ட் கூடும். இன்வேட்டரை அரை மணிக்கொருமுறை நிறுத்திப் போடுவது சிக்கனமில்லை, ஓடவிடுவதே சிக்கனம். மாரியில் ஈரத்தை எடுக்கிற ட்ரை முறை காணும்.

உள்பெட்டி வலையை இரண்டு கிழமைக்கொருமுறை கழுவுங்கள். செம்மண் பக்கங்களில் கிழமைக்கொருமுறை. வெளிப்பெட்டித் தகடுகளைக் கழுவக் கிணற்றுத் தண்ணீர் பாவித்தால் காய்ந்த பின் வெள்ளைப் படலம் நிற்கும்: எங்கள் சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீரின் குணம், கேத்தல் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு. சவர்த் தண்ணீர் என்றால் இன்னும் கேடு. பிடித்து வைத்த மழைத்தண்ணீர் சிறந்தது.

திடீரென ஓடாமல் நின்றால் திருத்துநரைக் கூப்பிடுவதற்கு முன் எம்.சி.பி.யைப் பாருங்கள். கரண்ட் போய் வந்திருந்தால் மூன்று நிமிடம் பொறுங்கள், கொம்பிரசரைக் காக்க இயந்திரமே அவ்வளவு நேரம் பிடித்து வைக்கும். அதற்கும் மேல் என்றால் வெளிப்பெட்டிப் பலகையில் பெரும்பாலும் ஒரு பல்லி கருகிக் கிடக்கும், அல்லது எறும்பு கூடு கட்டியிருக்கும். வயர் போகிற துளைகளைப் பூட்டுகிற அன்றே புட்டி வைத்து அடைத்திருந்தால் இந்தச் செலவு வராது.

முதல் மாதம் மட்டும் ஒரு வேலை செய்யுங்கள். இரவு ஏ.சி. போடும்போது மீற்றர் இலக்கத்தை எழுதி, விடிய நிறுத்தும்போது மறுபடி எழுதுங்கள். ஏ.சி. போடாத ஓரிரவும் அதேபோல எழுதிக் கழித்தால் ஏ.சி.யின் பங்கு வரும். இந்தக் கட்டுரையின் 5-ஆம் பகுதியில் போட்ட கணக்கைவிட அது அரைவாசிக்கு மேல் கூட இருந்தால், வலை அடைத்திருக்கிறதா, கதவு இடுக்கு மூடியிருக்கிறதா, வக்கியூம் பிடித்தார்களா என்று இதே ஒழுங்கில் தேடுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே எழுதிய தாளோடு கடைக்குப் போனால், “எல்லா ஏ.சி.யும் இப்பிடித்தான் இழுக்கும்” என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.